செரங்கெட்டியின் வலசை

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள தான்சானியா நாட்டிலே செரங்கெட்டி என்னும் பெரும்புல்வெளி ஒன்று உண்டு. அப்பகுதியில் ஆநிரை மேய்த்து வாழும் மாசாய் மக்களின் மொழியில், முடிவின்றி விரிந்த வெளி என்பது அப்பெயரின் பொருளாகும். பெயர் பொய்யன்று. கூரை திறந்த வண்டியில் எழுந்து நின்று நோக்குவார்க்கு நாற்றிசையும் புல்லும் வானுமே தோன்றும். இடையிடையே குடை விரித்தாற்போன்ற வேலமரங்கள் நிற்கும். இவ்வெளியில் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. பூங்கா என்றவுடன் கூண்டும் கம்பியும் உடைய விலங்குக் காட்சிச்சாலையை மாணவர் எண்ணுதல் கூடாது. இங்கே விலங்குகள் தம் விருப்பப்படி உலவுகின்றன. வண்டி என்னும் கூண்டுக்குள் அடங்கியிருப்பவர் அவற்றைக் காணவந்த மாந்தரே!

அவர்களைப் பல நாடுகளிலிருந்தும் இங்கு ஈர்ப்பவற்றுள் தலையாயது சிங்கமன்று, யானையுமன்று, 'வைல்டுபீஸ்ட்' என்னும் புல்தின்னும் விலங்காகும். அது மானினத்தைச் சார்ந்ததாயினும் மானின் எழில் அதற்கு வாய்க்கவில்லை. மாட்டைப் போன்ற கொம்பும், ஆட்டைப் போன்ற தாடியும், குதிரையைப் போன்ற வாலும் உடையது. முன்னுடல் உயர்ந்து பின்னுடல் தாழ்ந்திருக்கும். வேறு விலங்குகளுக்கு ஆக்கி எஞ்சிய உறுப்புகளைக் கொண்டு இதனைச் செய்தனர் போலும் என்று காண்பார் நகைப்பதுண்டு. இத்தகைய விலங்குகள் ஏறத்தாழ 13 இலட்சம், வரிக்குதிரைகளும் சிறுமான்களும் உடன்வர, ஆண்டுதோறும் பெரியதொரு வட்டமாகச் சுற்றி வருகின்றன. உணவும் நீரும் நாடி இடம்பெயர்ந்து செல்லுதலை வலசை என்பது தமிழ் வழக்கு. பறவைகளுக்கே பெரிதும் வழங்கும் அச்சொல் இந்நிரைகளுக்கும் நன்கு பொருந்தும்.

ஆண்டின் தொடக்கத்தில் அவை தென்பகுதிச் சமவெளியில் மேயும். பண்டை நாளில் எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் படிந்த மண் அது. அங்கு முளைக்கும் குறும்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் மிகுதி. பால் சுரக்கும் தாய்க்கு வேண்டுவன அவையே. மரமும் புதரும் அருகியிருத்தலின் பகைவிலங்கின் வரவும் தொலைவிலேயே புலப்படும். கன்றுகளுள் பெரும்பாலன பிப்ரவரித் திங்களையொட்டி இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. இஃது ஒரு வியத்தகு காப்பாகும். சிங்கமும் கழுதைப்புலியும் எத்துணைக் கன்றுகளைத் தின்றுவிட முடியும்? அவற்றின் வயிற்றுக்கும் அளவுண்டன்றோ! பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். சிறிது நேரத்தில் தாயுடன் ஓடவும் தொடங்கும். ஓட இயலாத கன்று பிழைப்பது அரிது.

மே மாதத்தில் மழை ஓய்கிறது. குறும்புல் கருகுகிறது, குட்டைகள் வற்றுகின்றன. உடனே நிரைகள் வடமேற்காகப் புறப்படுகின்றன. வரிக்குதிரை உயர்ந்து முதிர்ந்த புல்லைக் கடித்துச் செல்லும். வைல்டுபீஸ்ட் அதனடியில் உள்ள தழையை மேயும். பின்னர்த் துளிர்க்கும் இளம்புல் சிறுமானுக்கு உணவாகும். ஆதலின் இலட்சக்கணக்கான வாய்கள் ஒரே நிலத்தில் மேய்ந்தும் பூசல் மிகுவதில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரையில் அவை வடக்கே மாரா ஆற்றைப் பலமுறை கடக்கின்றன. எதிர்க்கரையில் கென்யா நாட்டின் மாசாய் மாராக் காப்புக்காடும் உண்டு. ஆற்றில் முதலைகள் காத்துக் கிடக்கும். முதலைவாய்ப் பட்டன சில. வெள்ளத்திலும் நெரிசலிலும் மாய்வன பல.

இவ்வழியை மனிதர் அறிந்துகொண்டது அண்மைக் காலத்திலேதான். செரங்கெட்டி 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அதன் எல்லையை மாற்றியமைக்க ஆட்சியாளர் கருதியபோது, ஜெர்மானிய அறிஞர் பெர்னார்டு கிசிமெக் என்பவரும் அவர் மைந்தர் மைக்கேலும் சிறு விமானம் ஒன்றில் பறந்து நிரைகளை எண்ணினர். அவை செல்லும் நெறியையும் குறித்தனர். அவ்விமானத்துக்கு வரிக்குதிரைபோல் வண்ணம் தீட்டியிருந்தனர். விலங்குகள் காகிதத்தில் வரைந்த கோட்டுக்குள் அடங்கி நடப்பதில்லை என்பது அவர்தம் ஆய்வால் புலனாயிற்று. 1959ஆம் ஆண்டு ஜனவரியில் கழுகொன்று மோதியதால் விமானம் வீழ்ந்தது; மைக்கேல் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே எல்லைகள் மாற்றப்பட்டன. பூங்காவினுள் வாழ்ந்த மாசாய் மக்கள் தம் மேய்ச்சல் நிலத்தை விட்டு அண்டையிலுள்ள கொரங்கோரோப் பகுதிக்குப் பெயர நேர்ந்தது. விலங்குகளோடு ஒருங்கு வாழ்ந்து பழகிய மக்களே விலங்குகளின் பொருட்டு வெளியேறினர் என்பதை மறத்தல் தகாது. புதிய இடத்திலும் அவர்தம் உரிமை பற்றிய பூசல் ஓய்ந்தபாடில்லை.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. தமிழ்நாட்டு உழவர் வெக்கை என்று அஞ்சிய மாட்டுநோய் 1890ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவிற் பரவி, மாசாய் மக்களின் ஆநிரைகளையும் காட்டு விலங்குகளையும் ஒருங்கே மாய்த்தது. காட்டு விலங்குகளே நோய்க்கு உறைவிடம் என்று பலர் கருதினர். ஆயினும் வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி இட்டபின், 1960களில், காட்டு விலங்குகளிடமும் அந்நோய் தானே மறைந்தது. 1961இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வைல்டுபீஸ்ட் அடுத்த இருபதாண்டுக்குள் பன்னிரண்டு இலட்சத்தைக் கடந்து பெருகிற்று. 2011ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்று நிரைகளுக்கு நேரும் இடையூறுகளுள் ஒன்று காண வருவோரால் விளைவது. அவர் செலுத்தும் கட்டணம் பூங்காவின் காவலுக்கு உதவுகிறது. அவர் வருகையே தொல்லையுமாகிறது. வண்டியை விட்டு இறங்குதல், பாதையை விட்டு விலகி ஓட்டுதல், ஒலிப்பானை முழக்குதல், இரவில் உலாவுதல் ஆகியன செரங்கெட்டியில் விலக்கப்பட்டவை. விதிகள் உளவாயினும் மீறுவோரும் உளர். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. பத்து வண்டிகள் சூழ்ந்து நின்றால் அது மறைந்து பதுங்குவது எங்ஙனம்? வண்டிகள் மிகுதியாக வரும் இடங்களில் தாய்ச் சிவிங்கிகள் குறைந்த குட்டிகளையே வளர்த்தெடுக்கின்றன என்று மாசாய் மாராவில் நடத்திய ஆய்வொன்று 2018இல் தெரிவித்தது. ஆற்றங்கரையிலும் அவ்வாறே. நிரை இறங்கும் துறையை வண்டிகள் அடைத்துக்கொண்டால், அது வெருண்டு திரும்பும். அன்றிச் செங்குத்தான கரையில் பாய்ந்து கால் முறியும்.

பழகிய ஓட்டுநர் துறைக்கு எட்டத்தில் வண்டியை நிறுத்தி, பொறியை அணைத்துவிடுவார். நிரை புழுதி கிளப்பிக்கொண்டு கரைக்கு வந்து கூடும். முன்னிற்கும் விலங்கு நீரை முகர்ந்து பார்க்கும், ஓரடி வைக்கும், யாதோ ஓர் ஓசை கேட்டுப் பின்வாங்கும். பின்னுள்ளவை அனைத்தும் உடன் திரும்பும். இவ்வாறு ஒருநாள் முழுதும் கழிவதுண்டு. வெயிலிற் காத்திருந்தவர் ஒன்றுங் காணாமல் மாலையில் தங்குமிடம் திரும்புவர்; மறுநாட் காலையில் அதே துறைக்குச் சென்றால், மணலில் பல்லாயிரம் குளம்படிகள் மட்டும் ஆற்றை நோக்கி இறங்கியிருக்கும்.