வேலையை விடுவதா, பொறுத்துப் போவதா?

 

ஈச்சிலம்பற்றுப் பக்கமுள்ள ஒரு காரியாலயத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் சகோதரியொருவர், பெண்கள் வகுப்பு முடியும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டார்: "மௌலவி, மேலதிகாரியின் பேச்சும் பார்வையும் சரியில்லை. வீட்டில் சொன்னால் நாளைக்கே வேலையை விடு என்பார்கள். நான் விடுவதா, பொறுத்துப் போவதா?"

சிந்தித்துப் பாருங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் தவறு செய்தவர் தன் கதிரையில் சுகமாக இருப்பார். தண்டனை இந்தச் சகோதரிக்குத்தான். மூன்றாவது வழியொன்று உண்டு. வேலை தருபவருக்குரிய கடமையை எழுத்தில் அவர் முன் வைப்பதுதான் அது.

நமது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவும் அதன்படி குற்றமாகும். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். "கையால் தொடவில்லையே, பேசியது மட்டும்தானே" என்று யாரும் தப்ப முடியாது. அரச பாடசாலை ஆசிரியையொருவர் தொடுத்த வழக்கில், இத்தகைய தொந்தரவு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை மீறுவதாகும் என்று உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

அதே 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் போன்ற காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. இதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 2018 ஏப்ரலில், திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. சேலையே பாடசாலையின் மரபு என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் வீட்டில் இருந்து அழவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். ஆணைக்குழு 2019இல் அவர்களுக்குச் சார்பாகவே பரிந்துரை செய்தது. விடயம் நீதிமன்றம் வரை சென்று, 2022 பெப்ரவரி 2ஆம் திகதி ஓர் ஆசிரியை மீண்டும் கடமையேற்கப் போனபோதும் அங்கே குழப்பம் ஏற்பட்டது.

இதில் நமக்கென்ன பாடம்? முறையிட்டவரை இடம் மாற்றிவிட்டால் நிருவாகத்தின் கடமை முடிந்துவிடாது. ஆணைக்குழுவின் பரிந்துரையும் தானாக நடந்தேறிவிடாது. விடாமல் பின்தொடர வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, நடந்ததைத் திகதி, நேரம், சாட்சி ஆகியவற்றோடு அன்றன்றே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நிருவாகத்துக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பிப் பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள். அரச நிறுவனமாயின் காலம் மிக முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் அவகாசத்தில் கணக்கிடப்படாது. தனியார் நிறுவனமாயின் தொழில் திணைக்களமும், வேலைநீக்கம் செய்தால் தொழில் நியாயசபையும் இருக்கின்றன. பாலியல் தொந்தரவென்றால் இரண்டு இடத்திலும் பொலிஸுக்குப் போகலாம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்துவதும் சட்டவிரோதமே.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். மூதூரிலும் கிண்ணியாவிலும் நம்மவர் எத்தனை கடைகளுக்கு முதலாளிகள்! ஈச்சிலம்பற்றிலிருந்து பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பிள்ளை நம் கடைக்கு வேலைக்கு வந்தால், அவளது பொட்டைக் கேலி செய்ய விடுவோமா? கணக்குப்பிள்ளை அவளிடம் தகாத வார்த்தை பேசினால், "அவர் பழைய ஆள்" என்று மறைப்போமா? அபாயாவுக்கு நாம் கேட்கும் நீதி அந்தப் பொட்டுக்கும் உரியது. நம்மிடம் வேலைக்கு வருபவரின் மானம் அமானிதம் அல்லவா?

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழுவொன்று இருக்க வேண்டும். அதற்குத் தலைமை தாங்குபவர் ஒரு பெண். அங்கத்தவரில் பாதிப்பேராவது பெண்கள். யாரும் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் நம் முதலாளிமாரும் அப்படியொன்றை அமைத்தால் என்ன?

தாய்மாரே, கணவன்மாரே! மகளோ மனைவியோ மனக்குறையோடு வேலையால் வந்தால், "விட்டுவிடு" என்று அவசரப்படாதீர்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள். பிறகு கடிதம் எழுதக் கூட இருங்கள். அந்தச் சகோதரி அன்று தன் தாயை அழைத்து வந்தார். மூவருமாக இருந்துதான் அந்த முறைப்பாட்டை எழுதி முடித்தோம்.

நீதியின் பக்கம் நிற்கும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.