கணினியின் தளர்ச்சியும் நோயும்

வீட்டிலுள்ள பழைய கணினி தளரத் தொடங்கியதும், நச்சுநிரல் புகுந்துவிட்டதென்று முடிவுகட்டிவிடுகின்றோம். ஆயின், தளர்ச்சியெல்லாம் நோயாகுமா?

நினைவகம் சிறிதாயிருக்க, நாம் திறக்கும் மென்பொருள்கள் பெரிதாயின், இடங்கொள்ளாத தரவுகளைக் கணினி வன்தட்டில் வைத்து வைத்து எடுக்கின்றது. சுழலும் வன்தட்டோ நினைவகத்தினும் மிக மெதுவானது. தாமதம் அங்கேதான் பிறக்கின்றது. காற்றாடியில் தூசி படிந்தால் வெப்பம் மிகும். அப்போது புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினியுடன் தாமாகவே எழும் வேண்டாத மென்பொருள்களை நிறுத்துதல், தூசியகற்றுதல், நினைவகத்தைப் பெருக்குதல் என்பன இவற்றுக்குப் பரிகாரமாம்.

நச்சுநிரலின் இயல்பு வேறு. 1986ஆம் ஆண்டு லாகூரில் தோன்றிய ‘பிரெயின்’ நெகிழ்தட்டுகள் வாயிலாகப் பரவிற்று. 2017 மே மாதத்தில் ‘வன்னாகிரை’ வலையமைப்பு வழியே பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அது நுழைந்த வாயிலை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் அல்லலுற்றன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையை இங்கு நினைவுகூர்தல் தகும். புதிய விண்டோஸை ஏற்கவியலாத பழங்கணினிக்கு, இன்றும் திருத்தங்கள் பெறும் லினக்ஸ் ஏற்றதொரு வழியாகும்.

எவ்வழியை மேற்கொள்ளினும், முதலில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டொன்றிற் படியெடுத்துக் கழற்றி வையுங்கள். இணைந்தே இருக்கும் தட்டையும் நச்சுநிரல் பூட்டக்கூடும். கணினிக்கு மாற்றுண்டு, மறைந்தோர் முகங்காட்டும் படத்துக்கு மாற்றில்லை.