புல்லும் கோரையும் உருள்கோரையும்

சதுப்பு நிலத்தில் நெருங்கி நிமிர்ந்து நிற்கும் பச்சைத் தாள்களையெல்லாம் 'புல்' என்றே நாம் வழங்குகின்றோம். புறத்தே வைரமுடையதைப் புல் என்றும், அகத்தே வைரமுடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. அவ்வகுப்பின்படி பனையும் மூங்கிலுங்கூடப் புல்லேயாம். இன்றைய தாவரவியலார் அப்புல்லினத்துள்ளும் பல குடும்பங்களைப் பிரித்தறிவர். அவற்றுள் மூன்று, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவன: புற்குடும்பம், கோரைக்குடும்பம், யுங்கேசியே என்னும் குடும்பம். மூன்றாவதனை ஈண்டு 'உருள்கோரை' எனக் குறிப்போம்.

இவற்றைத் தண்டினால் அறியலாம். புல்லின் தண்டு கணுவுடையது. கணுக்களிடையே பெரும்பாலும் உட்டுளை உண்டு. கோரையின் தண்டு பெரும்பாலும் முப்பட்டையானது. விரலிடை உருட்டினால் மூலை தட்டும். உருள்கோரையோ உருண்டு வழுவழுப்பாயிருக்கும். ஐயம் எழின் பூவையும் காயையும் நோக்குக. உருள்கோரையின் சிறு பூவில் ஆறு சிற்றிதழ்கள் ஒழுங்குற அமைந்திருக்கும். காய் வெடித்து மூன்றோ பலவோ விதைகளைச் சிந்தும். கோரைக்கு ஒரு காயில் ஒரு விதையே.

உருள்கோரை குளிர்நிலத்தை விரும்புவது. நம் நாட்டில் மலைப்பகுதி ஈரநிலங்களில் வளர்வது. யப்பானியர் தத்தாமி விரிப்பை இதனால் நெய்வர். முற்கால ஆங்கிலேய ஏழை மக்கள் இதன் உட்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்தனர். நம்மவர்க்குப் பாய் தந்தது கோரையே. மட்டக்களப்புப் பன்பாயும் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடைப் பாயும் அதனால் ஆனவை.

நீர் தேங்கிய சேற்றில் வளி புகுதல் அரிது; பிற செடிகளின் வேர் ஆங்கு மூச்சடைத்து அழுகும். இவ்விரு குடும்பத்துச் சதுப்புச் செடிகளோ தண்டினுள் அமைந்த நுண்ணிய வளியறைகளின் வழியே மேலுள்ள வளியை வேருக்கு இறக்குகின்றன. அவ்வேர்ப்பின்னல் மண்ணைப் பிணிக்கும். நெருங்கிய தாள்கள் வெள்ளத்தின் விரைவைத் தணித்து வண்டலைப் படியவைக்கும்.

இப்பணியின் அருமையை ஒருகொடவத்தை வாழ்வோர் நன்கு உணர்வர். இவ்வூரும் அயலிலுள்ள கொலன்னாவையும் களனிகங்கைக்குத் தெற்கே தாழ்ந்து கிடப்பன. சதுப்பைத் தூர்த்து மேடாக்குந்தோறும் வெள்ளம் தங்குமிடம் குறைகின்றது. 2016 மே மாத வெள்ளத்திற் கொலன்னாவை பெரிதும் மூழ்கிற்று. அயலே மீதொட்டமுல்லையில், தாழ்நிலத்திற் குவிக்கப்பட்ட குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 இற் சரிந்து 30 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மறு ஆண்டு, 2018 இல், இராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் கொழும்பு ஈரநில நகரமாக ஏற்கப்பெற்றது.

அப்பெயர் பொருளுடையதாக வேண்டின், எஞ்சிய சதுப்பைப் பாழ்நிலமெனக் கருதும் வழக்கம் ஒழிதல் வேண்டும். வாய்க்காலோரம் செல்லும் மாணவர் ஒரு தாளை விரலிடை உருட்டிப் பார்ப்பாராக. பெயரும் தொழிலும் அறிந்த பொருளை மண்ணிட்டுத் தூர்க்க மனம் எளிதில் இசையாது.