மௌனம் சம்மதமன்று

பலர் பயன்படுத்தும் எந்த மென்பொருளும் தன்னை நாடி வருவோரைப் பற்றி இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும்: வந்திருப்பவர் யார் என்பது ஒன்று, அவர் எதையெல்லாம் செய்யலாம் என்பது மற்றொன்று. கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ஓடிபி, விரல்ரேகை ஆகிய யாவும் முதல் கேள்விக்கு உரியவை. அதனை அடையாள உறுதிப்பாடு என்பர். இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது அனுமதி வழங்கல் ஆகும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பும் வழக்கம் இணையத்தின் அடிப்படை நெறிமுறையிலேயே பதிந்து கிடக்கிறது. எச்டிடிபி நெறிமுறையில் 401 என்னும் விடைக்குறியீட்டுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'அனுமதியற்றவர்' என்று பொருள்பட்டாலும், அது உணர்த்துவது வந்தவர் யாரென்று இன்னும் தெரியவில்லை என்பதையே; யாரென்று தெரிந்த பின்னும் இதைச் செய்ய அவருக்கு உரிமையில்லை என்று மறுப்பது 403 என்னும் குறியீடு.

இந்த இரண்டாவது கேள்வியைக் கணிதமாக்கிப் பார்த்த தொடக்ககால முயற்சிகளுள் பட்லர் லாம்ப்சன் 1971-இல் முன்வைத்த அணுகல் அணி முதன்மையானது. பயனர்களை வரிசைகளாகவும் பொருள்களைப் பத்திகளாகவும் அமைத்து, அவை சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இன்னாருக்கு இப்பொருள்மீது இன்ன உரிமை என்று எழுதிவிட்டால், எந்தக் கேள்விக்கும் அந்தக் கட்டத்தைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். கொள்கை அளவில் இது முழுமையானது. ஆனால் ஆயிரம் பேரும் இலட்சம் ஆவணங்களும் உள்ள ஓர் அலுவலகத்தில் பத்துக் கோடிக் கட்டங்களை நிரப்பவும் நாள்தோறும் திருத்தவும் ஆளில்லை. எனவே, மனிதருக்கு நேரே உரிமைகளை எழுதாமல் பொறுப்புகளுக்கு நேரே எழுதி, மனிதரை அப்பொறுப்புகளில் அமர்த்தும் முறையை டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992-இல் முறைப்படுத்தினர். 2004-இல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்ட இம்முறை, ரோல் சார்ந்த அணுகல் கட்டுப்பாடு எனப்படுகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணைய நிரலாக்கச் சட்டகங்கள் நெடுங்காலம் இம்முறையையே கைக்கொண்டன. சட்டகம் என்பது, அதாவது நிரலாளர் வழக்கில் ஃபிரேம்வொர்க் என்பது, எல்லா மென்பொருளுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, தனித்தன்மையான பகுதியை மட்டும் நிரலாளர் எழுதும்படி விட்டுவைக்கும் அடித்தளம். ஏஎஸ்பி.நெட் எம்விசி என்னும் சட்டகத்தில் ஒரு செயல்பாட்டின், எடுத்துக்காட்டாகப் பல்கலைக்கழக மதிப்பெண் பதிவின், தலைக்கு மேல் 'ஆத்தரைஸ்' என்ற குறிப்பை இட்டு, அதனுள் 'ஆசிரியர், துறைத்தலைவர்' என்று ரோல்களின் பெயர்களை எழுதிவிட்டால், அப்பொறுப்பில் உள்ளோர் மட்டுமே அதைத் தொட முடியும். எளிமையான ஏற்பாடுதான்; ஆனால் அதற்குரிய விலை பின்னால்தான் தெரிய வரும். இனித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் இதைச் செய்யலாம் என்று ஒரு நாள் விதி மாறினால், நிரல் முழுவதும் சிதறிக் கிடக்கும் அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும்; ஒன்று விடுபட்டாலும் விதி ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறிடத்தில் வேறாகவும் நிற்கும். அதனினும் பெரிய குறை, ரோல் என்பது ஆளைப் பற்றி மட்டுமே பேசும் என்பது. 'மூன்றாம் பருவக் கணித ஆசிரியர், கடைசி நாளுக்கு முன்பு மட்டும்' என்பதை ரோலாகச் சொல்லப் புகுந்தால், ஒவ்வொரு பருவத்துக்கும் பாடத்துக்கும் ஒரு புதிய ரோல் பிறந்து, முடிவில் ஊழியர்களைவிட ரோல்கள் மிகுந்துவிடும்.

2016 ஜூனில் வெளிவந்த ஏஎஸ்பி.நெட் கோர் என்னும் புதிய சட்டகம் இந்த இடத்தில்தான் திசை திருப்பியது. செயல்பாட்டின் தலைக்கு மேல் இப்போது எழுதப்படுவது ஆள்களின் பட்டியல் அன்று, ஒரு விதியின் பெயர். அவ்விதிக்குச் சட்டகம் இட்ட பெயர் பாலிசி. காப்பீட்டுப் பாலிசியோடும் அரசின் கொள்கை விளக்கக் குறிப்போடும் இதற்கு உறவில்லை, ஒன்றோ பலவோ ஆகிய நிபந்தனைகளைக் கட்டி அக்கட்டுக்கு இட்ட பெயரே இங்குப் பாலிசி எனப்படுகிறது. 'மதிப்பெண் பதிவு' என்ற பாலிசியின் பெயரை நாற்பது இடங்களில் எழுதியிருந்தாலும், அதன் பொருள் வரையறுக்கப்படுவது மென்பொருள் தொடங்கும்போது இயங்கும் ஒரே இடத்தில்தான். பொருள் மாறினால் அந்த ஓரிடம் மட்டும் மாறும். பெயரைப் பிழைபட எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதும் கருதத்தக்கது. பெயர் வெறும் எழுத்துச் சரமாதலால், கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி அப்பிழையைப் பிடிப்பதில்லை. ஆயினும் கோரிக்கை வரும்போது அப்படியொரு பாலிசி இல்லை என்று சட்டகம் பிழை எழுப்பி நின்றுவிடுகிறதே தவிர, கதவைத் திறந்துவிடுவதில்லை. நிபந்தனை ஒன்றுகூட இல்லாத வெற்றுப் பாலிசியை உருவாக்கவும் அது இடம் தருவதில்லை.

எளிய விதிகளுக்குத் தனி நிரல் எதுவும் தேவைப்படாது. உள்நுழைந்தவர் எவராயினும் போதும், இன்ன ரோல் வேண்டும், இன்ன கிளைம் வேண்டும் என்பவற்றை ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். கிளைம் என்பது ஒருவரைப் பற்றி வேறொருவர் தரும் கூற்று: இவர் பெயர் இது, பிறந்த நாள் இது, துறை இது என்று கூற்றுகளும், அக்கூற்றை வழங்கியவர் யார் என்ற குறிப்பும் சேர்ந்து பயனருடன் பயணிக்கின்றன. ரோலும்கூட இச்சட்டகத்தில் ஒருவகைக் கிளைமே. ஆனால் கிளைம்களுக்கு ஒரு மறதி உண்டு. குக்கியில் பதிந்து செல்லும் கிளைம்கள் உள்நுழைந்த நேரத்து நிலவரத்தைச் சொல்லுமே அன்றி இந்த நொடியின் நிலவரத்தைச் சொல்லமாட்டா. காலையில் உள்நுழைந்த ஆசிரியர் நண்பகலில் வேறு துறைக்கு மாற்றப்பட்டாலும், அவரது குக்கி பழைய துறையையே சாதிக்கும். பிறந்த நாள் போன்று மாறாதவற்றைக் கிளைமிடம் கேட்பதும், மாறக்கூடியவற்றைத் தரவுத்தளத்திடம் நேரே கேட்பதுமே முறையாகும்.

தரவுத்தளத்திடம் கேட்க வேண்டிய நிலை வந்ததும், நிபந்தனையும் அதைச் சோதிப்பவரும் இரண்டாகப் பிரிகின்றனர்; இப்பிரிவினையே இவ்வடிவமைப்பின் மையம். நிபந்தனை, அதாவது ரெக்வயர்மென்ட், என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் ஒரு சிறு பொருள். அது நிறைவேறியதா என்று ஆராய்வது ஹேண்ட்லர் எனப்படும் வேறொரு நிரல்துண்டு. பல்கலைக்கழக மதிப்பெண் பதிவை எடுத்துக்கொண்டால், ஒரு தாளுக்கு மதிப்பெண் இடுபவர் அப்பாடத்தை நடத்துபவராக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை; பதிவுக்காலம் திறந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரே பாலிசியில் உள்ள நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறியாக வேண்டும். இவை 'உம்' என்று இணைபவை. ஆனால் ஒரே நிபந்தனைக்குப் பல ஹேண்ட்லர்கள் இருக்கலாம், அவற்றுள் ஒன்று சரி என்றாலே போதும். இவை 'அல்லது' என்று இணைபவை. பதிவுக்காலம் திறந்திருக்கிறதா என்ற நிபந்தனைக்கு ஒரு ஹேண்ட்லர் நாட்காட்டியைப் பார்க்கும். மற்றொன்று, கடைசி நாள் கடந்துவிட்டாலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் சிறப்பு ஒப்புதல் பதிவாகியுள்ளதா என்று பார்க்கும். நாளை மூன்றாவது வழியொன்று வந்தால், இருப்பவற்றைத் தொடாமல் புதிதாக ஒரு ஹேண்ட்லரைச் சேர்த்தால் போதும்.

இந்த ஹேண்ட்லர்கள் பேசும் மொழிதான் நுட்பமானது. ஒரு ஹேண்ட்லருக்கு ஆம், இல்லை என்ற இரு சொற்கள் அல்ல, மூன்று நிலைகள் உண்டு. நிபந்தனை நிறைவேறியது என்று கண்டால் 'சக்சீட்' என்று அறிவிக்கலாம். நிறைவேறவில்லை என்று கண்டால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம். எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று கண்டால் 'ஃபெயில்' என்று அறிவிக்கலாம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது ஊர் வழக்கு; இங்கோ மௌனம் சம்மதமன்று, அறுதியான மறுப்புமன்று, 'என் வரையில் காரணம் தென்படவில்லை, வேறு எவருக்கேனும் தென்பட்டால் சொல்லட்டும்' என்னும் ஒதுங்கல். நாட்காட்டியைப் பார்க்கும் ஹேண்ட்லர் மௌனம் காத்தாலும், ஒப்புதலைப் பார்க்கும் ஹேண்ட்லர் வாய் திறந்தால் நிபந்தனை நிறைவேறிவிடும். எல்லாரும் மௌனமாக இருந்தால் நிபந்தனை நிலுவையில் நிற்கும். நிலுவை ஒன்றேனும் இருந்தால் அனுமதி இல்லை.

எனவே 'ஃபெயில்' என்பதை எங்கே சொல்வது என்பதில் புதிய நிரலாளர் பெரும்பாலும் தடுமாறுவர். நிபந்தனை பொருந்தவில்லை என்றவுடனே அதைச் சொல்லிவிடுவது இயல்பாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் நாட்காட்டி ஹேண்ட்லரே சிறப்பு ஒப்புதலின் வாயையும் அடைத்துவிடும், ஏனெனில் ஒரு ஹேண்ட்லர் 'ஃபெயில்' என்று சொல்லிவிட்டால் மற்றவை எத்தனை முறை சரி என்றாலும் செல்லாது. அது தடையாணை போன்றது, அதற்குரிய இடத்துக்கென வைத்துக்கொள்ள வேண்டியது. தன் மகனோ மகளோ எழுதிய தாளுக்கு ஆசிரியர் மதிப்பெண் இடக்கூடாது என்ற விதி அத்தகைய இடம்: பாடம் அவருடையதாயினும், காலம் திறந்திருப்பினும், ஒப்புதல் இருப்பினும் அது தளர்வதில்லை. இன்னொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும்: ஒருவர் தடை சொல்லிவிட்ட பின்னும் மற்ற ஹேண்ட்லர்கள் அனைத்தும் இயங்குவதே இயல்பான அமைவு. முடிவு மாறப்போவதில்லை என்றாலும், யார் எதைத் திறக்க முயன்றார் என்ற பதிவு அவற்றின் வழியாகவும் எழுதப்பட வேண்டியிருக்கலாம் என்பதே இதற்குரிய காரணம். இது தேவையில்லை எனக் கருதும் நிரலாளர், சட்டகத்தின் அமைவு ஒன்றை மாற்றி இதனை நிறுத்திக்கொள்ளலாம்.

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. செயல்பாட்டின் தலைக்கு மேல் இட்ட குறிப்பு, அச்செயல்பாடு தொடங்குவதற்கு முன்பே சோதிக்கப்படுகிறது. அப்போது எந்தத் தாள், யாருடைய பாடம் என்பது தரவுத்தளத்திலிருந்து இன்னும் எடுக்கப்பட்டிருக்காது. இன்ன பாடத்துக்கு உரியவரா என்ற கேள்வியை அங்குக் கேட்டுப் பயனில்லை. எனவே தாளை எடுத்த பின், செயல்பாட்டின் உள்ளிருந்தே அனுமதிச் சேவையை அழைத்து, பயனர், தாள், பாலிசியின் பெயர் ஆகிய மூன்றையும் கொடுத்துக் கேட்க வேண்டும். இதனைப் பொருள் சார்ந்த அனுமதி என்பர். மறந்து விடுபடுவது பெரும்பாலும் இதுவே. முகவரியில் உள்ள எண்ணை 1041 என்பதிலிருந்து 1042 என்று மாற்றியவுடன் பிறருடைய ஆவணம் திறந்துகொள்ளும் குறைபாடுகள் எல்லாம், வாசலில் சோதித்துவிட்டு அலமாரியில் சோதிக்காத மென்பொருள்களில் நேர்பவை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்து முதன்மை ஆபத்துகளின் பட்டியலில், 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்த பழுதுபட்ட அணுகல் கட்டுப்பாடு 2021-இல் முதலிடத்துக்கு ஏறியது.

குறிப்பே இடப்படாத செயல்பாடுகளின் நிலை என்ன? ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய, தகவல் பாதுகாப்பியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படும் கட்டுரையில், இயல்புநிலை மறுப்பாக இருக்க வேண்டும், அனுமதிதான் காரணம் காட்டிப் பெறப்பட வேண்டும் என்று நெறி வகுத்தனர். ஹேண்ட்லர்களின் மௌனத்தை மறுப்பாகக் கொண்ட ஏஎஸ்பி.நெட் கோர், நிரலாளரின் மௌனத்தை மட்டும் சம்மதமாகக் கொள்கிறது: பெயரில்லாமல் 'ஆத்தரைஸ்' என்று மட்டும் எழுதினால் உள்நுழைந்தவர் அனைவருக்கும் அனுமதி, ஒன்றுமே எழுதாவிட்டால் ஊருலகம் அனைத்துக்கும் அனுமதி. தன் நெறிக்குத் தானே முரண்படும் இந்த அமைவைச் சட்டகத்தின் பலவீனமென்றே கொள்ள வேண்டும். 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் 'ஃபால்பேக் பாலிசி' என்னும் வழி உள்ளது. குறிப்பற்ற எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், ஆனால் நிரலாளரே அதை அமைத்தாலன்றி அது வெறுமையாகவே கிடக்கும். அமைத்த பிறகு உள்நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் 'அலோ அனானிமஸ்' என்று விலக்கு எழுத வேண்டும், இல்லையேல் உள்நுழையவே எவராலும் இயலாது. அவ்விலக்கு குறிப்பால் இடப்பட்ட பாலிசிகள் எல்லாவற்றையும் தாண்டிச் செல்ல வல்லதாகையால், அதை ஒரு பெரும் தொகுதியின் தலையில் எழுதிவிட்டு அதனுள் ஓரிரு செயல்பாடுகளுக்கு மட்டும் பாலிசி இடுவது பயன் தராது. படங்களும் பிற நிலைக்கோப்புகளும் அனுமதிச் சோதனைக்கு முன்னரே வழங்கப்படும்படி வரிசை அமைந்திருந்தால், எந்தப் பாலிசியும் அவற்றைத் தொடாது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

விதிகள் நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்ற விவாதம் இச்சட்டகத்துக்கு முந்தையது. 2003-இல் ஒயாசிஸ் அமைப்பு தரப்படுத்திய எக்ஸ்ஏசிஎம்எல் மொழி, முடிவெடுக்கும் இடத்தையும் அம்முடிவைச் செயற்படுத்தும் இடத்தையும் வேறு வேறாக்கியது. ஓப்பன் பாலிசி ஏஜென்ட் என்னும் திறமூல மென்பொருளும் அமேசானின் சீடர் மொழியும் அதே பிரிவினையைப் பிற்காலத்தில் எளிமையான வடிவில் மேற்கொண்டன. ஏஎஸ்பி.நெட் கோரின் விதிகளோ சி ஷார்ப் மொழியில் எழுதப்படுவதால், அவற்றை மாற்ற வேண்டுமானால் மென்பொருளை மீண்டும் கட்டி வெளியிட வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தம் விதி சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று தாமே படித்தறியவும் முடியாது. பல மொழிகளில் எழுதிய பல சேவைகள் ஒரே விதியைப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனத்துக்கு வெளி இயந்திரம் பொருந்தும். ஒற்றை மென்பொருளுக்கு அது கூடுதல் சுமை, அதற்குச் சட்டகத்தின் ஏற்பாடே போதும்.

விதி நிரலாக இருப்பதில் ஓர் ஆதாயமும் உண்டு. ஹேண்ட்லர் சிறிய தனித்த துண்டாதலால், சேவையகம் எதையும் இயக்காமல், பொய்யான ஒரு பயனரையும் பொய்யான ஒரு தாளையும் கொடுத்து அதனைச் சோதிக்கலாம். அனுமதி தர வேண்டிய நேரத்தில் தருகிறதா என்பதை எல்லாரும் சோதிப்பர். நாட்காட்டி ஹேண்ட்லர் கடைசி நாளுக்கு மறுநாள் 'ஃபெயில்' என்று சொல்லாமல் வாயடைத்து நிற்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை எழுதப்பட வேண்டும்.