பாதுகாப்பு நம் கடையில் தொடங்கட்டும்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலித் தொல்லைக்கு மருந்து வைத்தார்கள். இரவில் ஏ.சி. போட்டுப் படுத்த அந்தக் குடும்பத்தில் 6 வயதும் 1 வயதுமான இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. மருந்தின் நெடியே காரணம் என்று செய்தி வந்தது.

வணிகப் பெருமக்களே! எலி மருந்து நம் கடைகளிலும் விற்கும் சரக்குதான். கண்ணமங்கலம், ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் தறி ஓடும் கூடத்திலேயே குழந்தையும் தவழும். தறிக்குழியைப் பலகை போட்டு மூடுவது அவர்கள் பொறுப்பு. சரக்கைப் பத்திரமாகக் கொடுப்பது நம் பொறுப்பு.

பினாயில், ஆசிட்டைப் பழைய கலர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும். எலி மருந்தை மிட்டாய், பிஸ்கட் பக்கத்தில் அடுக்காமல், தனியாகக் கட்டிக் கொடுப்போம். 18 வயது நிரம்பாதவருக்கு ஆசிட் விற்கக் கூடாது, வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு.

"படுக்கிற அறையில் வைக்காதீர்கள், உயரத்தில் பூட்டி வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்போம். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலில் இறங்கும். ஆசிட் தொண்டையை மறுபடியும் சுடும். உடனே 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் அட்டையையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஒரு பாக்கெட்டில் நமக்கு நிற்பது சில்லறை. வாங்கிப் போவதோ, நாளையும் நம் கடைக்கு வரவேண்டிய குடும்பம்.