கம்பங்குருணையும் மஞ்சள் உப்புமாவும்

பங்குனி பிறந்துவிட்டால் விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் கம்பங்கூழ் வண்டிகள் வந்துவிடும். எவர்சில்வர் குடத்தைச் சுற்றி ஈரத்துணி. எதிரே வரிசையாகக் கிண்ணங்கள்: மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, கொத்தவரை வற்றல், நறுக்கிய வெங்காயம். போன கோடையில் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். 20 ரூபாய். மோர் நன்றாக இருந்தது, மாங்காய் நன்றாக இருந்தது. கூழைத்தான் காணோம். பல்லில் ஒன்றும் தட்டவில்லை. மாவைக் கரைத்துக் காய்ச்சியிருந்தார்கள். மோரோடு மோராகத் தொண்டையில் இறங்கிவிட்டது. எங்கள் ஆயா இருந்திருந்தால், “இதுக்குப் பேரு கூழா? கூழுன்னா வாயில கொஞ்ச நேரம் நிக்கணும்டா” என்று சொல்லியிருக்கும்.

வாயில் நிற்பது குருணை. தானியம் முழுசாகவும் இல்லாமல் மாவாகவும் ஆகாமல் நடுவில் உடைந்து கிடக்கும் பருவம். அரிசியில் உடைந்தால் நொய் என்போம், கம்பிலும் சோளத்திலும் குருணை என்போம். கூழுக்கு ருசி அதில்தான் என்பது என் கட்சி.

எனக்கு நினைவு தெரிந்த 1960களின் கடைசியில் எங்கள் வீட்டுக் கம்பு பொழுது சாயும் நேரத்தில் உரலுக்கு வரும். முதலில் தண்ணீர் தெளித்துப் பிசறி ஒரு நாழி வைத்துவிடுவார்கள். அப்போதுதான் தோல் இளகும். பிறகு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது இன்னொன்று இறங்கும். பூண் உரலில் இடிக்காது. முதல் குத்தில் தவிடு கழன்றதும் முறத்தில் புடைப்பார்கள். மறு குத்தில் கம்பு உடையும். சல்லடையில் போட்டால் கீழே மாவு, மேலே குருணை. அளவு யாரும் சொல்லித் தரவில்லை. ஆயா இரண்டு விரலுக்கு நடுவே எடுத்து நசுக்கிப் பார்த்து, “போதும், நிறுத்து” என்னும்.

அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் முதலில் விழுவது குருணை. அது பாதி வெந்த பிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு துடுப்பு நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடிக்கும், கட்டி தட்டும். இறுகியதும் இறக்கி, ஆறவிட்டு, கையை நனைத்து உருண்டை பிடித்து, தண்ணீர் ஊற்றிய சட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். காலையில் அந்தத் தண்ணீர் லேசாகப் புளித்திருக்கும். உருண்டையை அதிலேயே கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. ராத்திரிக்கு அதே உருண்டை சூடாக, கருவாட்டுக் குழம்போடு. முருங்கைக்கீரை கிடைத்த நாளில் அதுவும்.

ஏன் தினம் தினம் குத்தினார்கள் என்று கேட்கலாம். கம்பில் எண்ணெய்ச் சத்து மற்ற பல தானியங்களைவிடக் கூடுதல். குத்தி மாவாக்கியதும் அந்த எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும். பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும், நாக்கில் கசக்கும். இன்று பாக்கெட் கம்பு மாவை வாங்கிவிட்டு, “கம்பே கசக்குது” என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கசப்பது கம்பு அல்ல, தேதி.

உலக்கை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வந்து விளக்கு வைக்கும் நேரத்தில் கம்பு குத்திய பெண்களின் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஊரில் மாவு மில் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டது எங்கள் அம்மாதான்.

அதே வயதில் பள்ளிக்கூடத்தில் இன்னொரு குருணை கிடைத்தது. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961 முதல் கேர் என்ற அமெரிக்க நிறுவனம் பொருள் கொடுத்தது. மூட்டை மூட்டையாக மக்காச்சோள மாவும் கோதுமை ரவையும், பால் பவுடரும், டின்னில் எண்ணெயும் வந்தன. மக்காச்சோளத்தை உப்புமாவாகக் கிண்டிப் போடுவார்கள். மஞ்சள் உப்புமா. சூடாக இருக்கும்வரை வாசனை. ஆறினால் தட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. வீட்டில் கம்பங்கூழ் என்று சொல்ல வெட்கப்பட்ட பையன்கள், பள்ளியில் அமெரிக்கா உப்புமா என்று பெருமையாகச் சொல்வோம்.

அந்த அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அது ஏழையின் காலைச் சாப்பாடு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே அதற்குக் கிரிட்ஸ் என்று பெயர். காய்ந்த மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்து, ஒன்றுக்கு நாலு பங்கு தண்ணீர் வைத்து, அடி பிடிக்காமல் கிண்டி, உப்பும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். கடலோர ஊரான சார்ல்ஸ்டனில் தொட்டுக்கொள்ள இறால். மிஞ்சியதை இறுகவிட்டு, துண்டு போட்டு, மறுநாள் எண்ணெயில் பொரித்துத் தின்கிறார்கள். நம் ஆயாக்களைக் கொண்டுபோய் அந்த அடுப்படியில் விட்டால் ஒரு நிமிஷத்தில் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். 2002இல் ஜார்ஜியா மாநிலம் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்தது.

அங்கேயும் ஒரு விஷயம் தவறிப்போயிருந்தது. அந்த மண்ணின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சாம்பல் தண்ணீரிலோ சுண்ணாம்புத் தண்ணீரிலோ வேகவைத்துத் தோல் நீக்கிய பிறகே சாப்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த வேலையைச் சுருக்கி, சோளத்தை அப்படியே மில்லில் அரைத்துத் தின்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லாக்ரா என்ற நோய் அந்தப் பக்கத்து ஏழைகளை வாட்டியது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று காட்டியவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர். மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற சத்து, சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேரும். பாட்டிகள் செய்த வேலையில் எது சடங்கு, எது மருந்து என்று தெரியாமல் கழற்றி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் கதைக்கு வருகிறேன். கம்பைத் தட்டிலிருந்து தள்ளியது அரிசி. எங்கள் பக்கத்து மானாவாரி ஊர்களில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எடுபட்டது என்றால், அரிசிச் சோற்றின் மேல் இருந்த ஏக்கம் அப்படி. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சோறு. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனில் இலவசம். இலவச அரிசியைக் குறை சொல்லும் ஆட்கள் பெரும்பாலும் பசித்துப் படுத்தவர்களாக இருப்பதில்லை. ஆனால் சும்மா வரும் அரிசி வீட்டில் இருக்கும்போது யார் கம்பை விதைத்து, குருவி ஓட்டி, கதிர் அறுத்து, குத்திப் புடைப்பார்கள்?

கம்பு போன நிலத்தில் பெரும்பகுதிக்கு வந்து உட்கார்ந்தது எது தெரியுமா? அதே மக்காச்சோளம். விருத்தாசலத்திலிருந்து வேப்பூர், மங்களூர், திட்டக்குடி என்று போய்ப் பாருங்கள். அப்படியே பெரம்பலூர் வரைக்கும் அதுதான். தை மாசியில் வேப்பூர்ப் பக்கம் சாலை ஓரத்தில் மஞ்சளாய்க் காயப் போட்டிருப்பார்கள். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும். 2018இல் அமெரிக்கப் படைப்புழு வந்து குருத்தைக் குடைந்து விளைச்சலைக் கெடுத்த பிறகும், மருந்து அடித்து அடித்து விதைக்கிறார்கள். பயிருக்குப் பின்னால் அதன் ஊர்ப் புழுவும் கடல் தாண்டி வந்துவிட்டது.

இவ்வளவு விளைந்தும் எங்கள் அடுப்படியில் ஒரு பிடி வேகவில்லை. களத்திலேயே எடை போட்டு லாரியில் ஏறி, கோழித் தீவனமாக நாமக்கல் போய்விடுகிறது. அங்கே கோழி தின்று, முட்டையாகி, சத்துணவு முட்டையாகத் திரும்ப எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. அன்று அமெரிக்கச் சோளம் உப்புமாவாக வந்தது. இன்று உள்ளூர்ச் சோளம் முட்டையாக வருகிறது. பிள்ளைகள் பக்கம் நின்று சொன்னால், முட்டைதான் மேல்.

எங்கள் ஊர் மணிமுத்தாற்றில்தான் சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கம்பும் அப்படித்தான் ஆகிவிட்டது. வயலில் தொலைத்துவிட்டு, ஏசி போட்ட கடையின் அலமாரியில் தேடுகிறோம். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததிலிருந்து அலமாரி இன்னும் நீண்டிருக்கிறது. பாக்கெட்டுகளில் ‘நம் பாரம்பரிய உணவு’ என்ற வாசகம் வேறு. கம்பு ஆப்பிரிக்காவிலிருந்து சில ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்தது, அதோடு கடித்துக்கொள்ளும் மிளகாய் போர்த்துகீசியரோடு வந்தது. நல்ல கூழுக்குப் பூர்வீகம் கேட்பது வீண் வேலை.

சட்டியும் மாறிவிட்டது. பீங்கான் ஊர் என்று பெயர் எடுத்த விருத்தாசலத்தில் பியூஸ் கட்டையிலிருந்து பொம்மை, ஊறுகாய் ஜாடி வரை செய்கிறார்கள். உப்பும் புளியும் அரிக்காத ஜாடி. கூழ் வண்டியில் மட்டும் பிளாஸ்டிக் டம்ளர். பழைய மண்சட்டி ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது, அதில் இப்போது கற்றாழை வளர்கிறது.

குருணை முழுசாகப் போய்விடவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் அண்டாவைப் பாருங்கள்: புளிக்கவைத்த கேழ்வரகு மாவை ஊற்றுவதற்கு முன் நொய்யை வேகவைத்துத்தான் தீருவார்கள். மாவு மட்டும் கரைத்து ஊற்றினால் அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள், வரிசையில் நிற்கும் கிழவிகள் விடமாட்டார்கள்.

வீட்டில் செய்ய ஆசை இருந்தால் மாவு பாக்கெட் வாங்காதீர்கள். முழுக் கம்பாக அரைக் கிலோ வாங்குங்கள். கழுவி, தண்ணீரை வடித்து, பத்து நிமிஷம் துணியில் பரப்புங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. முறத்தில் ஊதித் தவிட்டைத் தள்ளிவிட்டு இன்னொரு சுற்று. நாலாவது சுற்று வேண்டாம். அது மாவு.