வெயிலால் தோலில் தடிப்பா? பரிசோதனைக்குச் செல்லுமுன் அறிய வேண்டியவை

பிளானோவின் நீண்ட கோடையில் வெளியே சென்று வந்தபின் முகத்திலும் கழுத்திலும் முன்கைகளிலும் அரிப்பும் தடிப்பும் தோன்றினால், அதை வேர்க்குரு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒளி ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, லூபஸ் போன்ற நோய் ஆகியவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்தறிவதே பரிசோதனையின் நோக்கம்.

தோல் மருத்துவர் முதலில் தடிப்பு அமைந்த இடங்களைப் பார்ப்பார். ஒளியால் வரும் பாதிப்பு, நிழல் படியும் மேல் இமை, மோவாயின் அடிப்பகுதி, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றில் பரவும் பொருளால் வருவது அவ்விடங்களையும் தாக்கும். தமிழ்நாட்டில் நாம் அறிந்த பார்த்தீனியச் செடியால் வரும் அழற்சி இதற்கு எடுத்துக்காட்டு. அச்செடி டெக்சாஸிலும் வளர்கிறது. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. எனவே தடிப்பு தோன்றிய அன்றே ஒளிப்படம் எடுத்து வையுங்கள்.

வெயில் பட்ட எத்தனை நேரத்தில் தடிப்பு எழுந்தது, எத்தனை நாள் நீடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் எழுந்து அன்றே மறைவது ஒரு வகை. சில மணி நேரம் கழித்துத் தோன்றிப் பல நாள் நீடிப்பது வேறு வகை.

உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, நோய்த்தொற்றுக்கான டாக்சிசைக்ளின் ஆகியவை ஒளிக்கூச்சத்தை உண்டாக்கக்கூடும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் அங்கு வாங்கிய கூட்டு மாத்திரைகளிலும் இவை கலந்திருக்கலாம். எனினும், மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்தலாகாது.

தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் ஒளிச் சோதனையும் செய்யப்படும். ஒளிச் சோதனையில் முதுகின் சிறு பகுதிகளில் அளவிட்ட புற ஊதாக் கதிரைச் செலுத்தி, உடனேயும் மறுநாளும் விளைவைப் பார்ப்பர். பூசுபொருள்மீது ஐயம் இருந்தால், அதனை முதுகில் இரு இடங்களில் ஒட்டி, ஓரிடத்தில் மட்டும் கதிரைச் செலுத்தி ஒப்பிடுவர். சோதனைக்கு முன் எக்களிம்பையும் மாத்திரையையும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் போதிய அளவு அறியாதோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் இதற்கு அடிப்படை. ஆகவே முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். தாயின் நோயை மகன் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

தடிப்புடன் மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் தாமதியாது 911 எண்ணை அழையுங்கள்.